பகலாட்டு, இரவாட்டு, திரையாட்டு

விளையாட்டு என்னும் பொருளைத் தரும் உரிச்சொற்களாகத் தொல்காப்பியர் இரண்டினைச் சுட்டுகிறார். ஒன்று கெடவரல்; மற்றொன்று பண்ணை. கெடவரல் வழக்கொழிந்து அகராதிக்குள் அடங்கிவிட்டது. பண்ணை இன்றும் நம் நாவில் இருக்கிறது. ஆனால் வயல், வயலைச் சார்ந்த உழைப்பிடம், பண்ணையார், பண்ணையாள் என அச்சொல் முழுக்க முழுக்க வேலையின் பக்கம் சாய்ந்துவிட்டது. இவ்விரு பொருளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தனவா, தனித்தனியே தோன்றியனவா என்பதைச் சொல்லாராய்ச்சியாளர்க்கு விட்டுவிடுவோம். ஒரே சொல் ஆட்டத்தையும் உழைப்பையும் சுமந்து நின்றது என்ற செய்தி இக்கட்டுரைக்குப் போதுமானது.

தேவநேயப் பாவாணர் 1954-இல் வெளியிட்ட 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்னும் நூல் இன்னொரு செய்தியைத் தருகிறது. ஆடுவோர் ஆண்பாலரா, பெண்பாலரா, இருபாலருமா என்று பகுத்த பாவாணர், ஒவ்வொரு பகுதிக்குள்ளும் பொழுதை வைத்து ஆட்டங்களைப் பிரிக்கிறார். பகலில் ஆடுவது பகலாட்டு. இரவில் ஆடுவது இரவாட்டு. இந்தப் பகுப்பு வேளாண் சமுதாயத்தின் கடிகாரத்தை அப்படியே காட்டுகிறது. ஞாயிறு சாய்ந்தால் வேலை ஓயும். நிலா எழுந்தால் தெருவில் ஆட்டம் தொடங்கும். ஆட்டத்துக்கென்று தனியே இடம் ஒதுக்க வேண்டியதில்லை. களத்துமேடும் ஏரிக்கரையும் கோயில் வெளியும் பொதுவாகவே இருந்தன.

மூன்று ஷிப்டு ஓடும் ஆலைப் பகுதியில் இந்தப் பகுப்பு என்ன ஆகும்? இரவு முழுவதும் உருட்டாலையின் அனலருகே நின்றுவிட்டுக் காலையில் அறைக்குத் திரும்பும் இருபத்திரண்டு வயது இளைஞனுக்குப் பகலாட்டு எது, இரவாட்டு எது? இந்த இடத்தில்தான் மூன்றாவது ஒன்று நம்முன் வைக்கப்படுகிறது. உட்கார்ந்து விரலால் ஆடும் வழக்கமான வீடியோ விளையாட்டு அன்று அது. கைகால்களை வீசினால்தான், குதித்தால்தான், ஓடினால்தான் திரையில் உள்ள உருவம் நகரும். அதனைத் திரையாட்டு என்று நாம் அழைப்போம். வெளியே ஆட இடமும் பொழுதும் இல்லாத இளைஞர்க்கு இது உடற்பயிற்சியாகும் என்று சொல்லப்பட்டது. அந்தச் சொல்லின் வரலாற்றைத் திருவள்ளூர் மாவட்டத்துத் தொழிற்பகுதிகளின் வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

பாய் விரித்த பொறி

திரையாட்டு நாம் நினைப்பதைவிட மூத்தது. 1982-இல் அமெரிக்காவின் அமிகா நிறுவனம் அட்டாரி விளையாட்டுப் பொறிக்காக 'ஜாய்போர்டு' என்ற பலகையை விற்றது. அதன்மேல் ஏறி நின்று உடலை இப்படியும் அப்படியும் சாய்த்தால் திரையில் பனிச்சறுக்கு வீரன் திரும்புவான். அதே காலத்தில் அட்டாரி நிறுவனம் உடற்பயிற்சி மிதிவண்டியை விளையாட்டுப் பொறியோடு இணைக்கும் 'பஃபர்' என்ற திட்டத்தை வைத்திருந்தது. நிறுவனம் நலிவுற்றதால் அது கடைக்கு வரவே இல்லை.

1986-இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் தரையில் விரிக்கும் பாய் ஒன்றைக் கொண்டுவந்தது. 1988-இல் நிண்டெண்டோ அதனைப் 'பவர் பேட்' என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றது. பாயின் ஒரு பக்கத்தில் 12 வட்டங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் மிதியை உணரும் பொறி. வீட்டு வாசலில் கரிக்கட்டியால் கட்டம் போட்டு ஒற்றைக் காலில் தாவும் பாண்டியாட்டத்தை அறிந்த நமக்கு அதன் அமைப்பு புதிதன்று. கட்டத்தை நினைவு வைத்துக் காலை நகர்த்துவதே இரண்டுக்கும் அடிப்படை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பவர் பேட்டில் ஓட்டப்பந்தயம் ஆடிய சிறுவர்கள் பலர், கால் வலிக்க ஓடுவதற்குப் பதிலாக முழங்காலிட்டு அமர்ந்து கைகளால் பாயை வேகமாகத் தட்டி வெற்றி பெற்றனர். பொறிக்குக் காலும் கையும் ஒன்றுதான். பாண்டியில் கோட்டை மிதித்தால் எதிரே நிற்கும் தோழி விடமாட்டாள்.

1998-இல் கொனாமி நிறுவனத்தின் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' ஜப்பானின் விளையாட்டுக் கூடங்களில் தோன்றியது. திரையில் அம்புக்குறிகள் எழும். பாட்டின் தாளத்துக்கேற்பக் காலடியில் உள்ள நான்கு அம்புகளை மிதிக்க வேண்டும். சில நிமிடங்களில் வியர்வை கொட்டும். இளைஞர்கள் தாமாகவே இதனைத் தேடி வந்து ஆடினர். உடற்பயிற்சி என்ற பெயர் அதற்குப் பின்னரே ஒட்டப்பட்டது. 2006-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனிய மாநிலம் இதனைத் தன் அரசுப் பள்ளிகள் அனைத்திற்கும் கொண்டுசெல்ல முடிவு செய்தது. தாளத்துக்குக் காலடி வைக்கும் கலை கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் உரிய நம் நாட்டில் இதற்குப் பெரிய வரவேற்பு கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

2006-ஆம் ஆண்டின் இறுதியில் நிண்டெண்டோவின் 'வீ' வந்தது. கையில் பிடித்த கோலை டென்னிஸ் மட்டையாக வீசலாம். 2007 டிசம்பரில் ஜப்பானில் வெளியான 'வீ ஃபிட்', மேலேறி நின்றால் உடல் எடையையும் சமநிலையையும் காட்டும் பலகையோடு வந்து, உலகெங்கும் 2 கோடிக்கு மேல் விற்றது. அதனை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோ, நாள்தோறும் தம் எடையைப் பார்த்துக் குறித்துவைக்கும் வழக்கத்திலிருந்தே அந்த எண்ணம் பிறந்ததாகச் சொல்லியிருக்கிறார். 2010 நவம்பரில் மைக்ரோசாப்டின் 'கினெக்ட்' கோலையும் நீக்கிவிட்டது. கேமரா ஒன்று ஆடுபவரின் முழு உடலையும் கண்காணிக்கும். உடலே கட்டுப்பாட்டுக் கருவி. முதல் 60 நாள்களில் 80 இலட்சம் கருவிகள் விற்றன.

இந்த எழுச்சி நீடிக்கவில்லை. கினெக்டின் உற்பத்தி 2017-இல் நிறுத்தப்பட்டது. இடையில் 2016 ஜூலையில் 'போக்கிமான் கோ' வந்து, இளைஞரைத் திரையோடு தெருவுக்கு இழுத்தது. 2019 அக்டோபரில் நிண்டெண்டோ வெளியிட்ட 'ரிங் ஃபிட் அட்வெஞ்சர்', அடுத்த ஆண்டு பெருந்தொற்றால் உலகம் வீட்டுக்குள் அடைபட்டபோது பல நாடுகளில் கடைகளில் கிடைக்காத பொருளாயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் கதையை இப்படிச் சுருக்கலாம்: ஒவ்வொரு பத்தாண்டிலும் ஒரு பொறி வருகிறது, வியப்பைத் தருகிறது, பரணுக்குப் போகிறது.

அளந்து பார்த்தவர்கள்

இப்பொறிகளை ஆராய்ச்சியாளர்கள் சும்மா விடவில்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து ஆய்வாளர்கள் 2007-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட சிறிய ஆய்வில், 'வீ' ஆடிய பதின்பருவத்தினர் உட்கார்ந்து ஆடியவர்களைவிடக் கூடுதலான ஆற்றலைச் செலவிட்டனர் என்று கண்டனர். ஆனால் உண்மையான டென்னிஸோ குத்துச்சண்டையோ ஆடினால் செலவாகும் ஆற்றலுக்கு அது மிகக் குறைவு. நாளொன்றுக்குச் சிறார்க்குத் தேவையெனச் சொல்லப்படும் உடலியக்கத்தின் கணக்கில் அதனைச் சேர்க்க இயலாது என்பது அவர்கள் முடிவு.

2012-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டாம் பரனோவ்ஸ்கி குழுவினர் வேறொரு கேள்வியைக் கேட்டனர். பொறியை வீட்டில் வைத்துவிட்டு, ஆடு என்று வற்புறுத்தாமல் விட்டால் என்ன நடக்கும்? உடலசைவு ஆட்டங்களைப் பெற்ற குழந்தைகளுக்கும் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களைப் பெற்ற குழந்தைகளுக்கும் மொத்த உடலியக்கத்தில் வேறுபாடே தென்படவில்லை.

இளைஞர்களைப் பற்றிய ஆய்வு நமக்கு இன்னும் முக்கியம். 2016 டிசம்பரில் அதே பிரிட்டிஷ் மருத்துவ இதழில், 18 முதல் 35 வயது வரையுள்ள 1,182 அமெரிக்கரின் கைப்பேசி காட்டிய நடைக்கணக்கு வெளியானது. போக்கிமான் கோவை நிறுவிய முதல் வாரத்தில் அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடுதலாக நடந்தனர். பின்னர் அந்தக் கூடுதல் வாரந்தோறும் தேய்ந்து, ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே வந்து சேர்ந்தது.

திரையாட்டு பயனற்றது என்று இதனால் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. கண்காணிப்போடும் தோழரோடும் ஒழுங்காக ஆடினால் இதயத் துடிப்பு உயர்வதும் மூச்சு வாங்குவதும் உண்மை. சிக்கல் ஆட்டத்தின் ஆற்றலில் இல்லை. ஆட்டத்துக்குத் திரும்பத் திரும்ப வரவைக்கும் சூழலில் இருக்கிறது. அந்தச் சூழலைப் பற்றிப் பேசப் பொறியை விட்டு ஊருக்கு வர வேண்டும்.

வடக்கே வளர்ந்த ஆலைகள்

சென்னைக்கு வடக்கும் மேற்கும் உள்ள நிலம் விடுதலைக்குப் பின் ஆலை நிலமாயிற்று. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் தன் ஆலையை அமைத்தது. 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை வந்தது. ஆவடியில் 1961-இல் கனரக ஊர்தித் தொழிற்சாலை. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. 1971-இல் தமிழக அரசு சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியபின் ஆந்திர எல்லையோரத்துக் கும்மிடிப்பூண்டியும் தொழிற்பகுதியாக வளர்ந்தது. இரும்பு உருக்கும் ஆலைகளும் உருட்டாலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் கொல்கத்தா நெடுஞ்சாலையோரம் நிறைந்தன. 1997 ஜனவரி முதல் நாளில் திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. 2018-இல் அம்பத்தூர், திருவொற்றியூர் முதலிய பகுதிகள் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டபின், கும்மிடிப்பூண்டியே இம்மாவட்டத்து ஆலைத் தொழிலின் வடமுகமாக நிற்கிறது.

இந்த ஆலைத் திசைக்குத் தனக்கேயான உடற்பயிற்சி மரபு உண்டு. வடசென்னையின் துறைமுகத் தொழிலாளரும் மில் தொழிலாளரும் வளர்த்த குத்துச்சண்டைப் பரம்பரைகளை 2021-இல் பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தின் வழியே தமிழுலகம் முழுவதும் அறிந்தது. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரையின் பெயரைச் சொல்லிக் களம் இறங்குவது வீரனின் பெருமை மட்டுமன்று. அவன் குடியிருந்த தெருவின் பெருமையும் ஆகும். கரலாக்கட்டை சுழற்றலும் தண்டாலும் பஸ்கியும் கற்றுத்தரும் உடற்பயிற்சிக் கூடங்கள் குடிசைகளுக்கு நடுவே இருந்தன. மறுபுறம், 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, பயிற்சியை ஒரு பாடமாகவும் தொழிலாகவும் ஆக்கியது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராக இருந்தவரும் அவரே. தெருவின் கூடமும் கல்லூரியின் திடலும் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்தன எனலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரு பொதுத்தேவை இருந்தது: மாலைப்பொழுது.

அந்த மாலைப்பொழுது எளிதில் கிடைத்ததன்று. 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலை ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அதற்கு முன் ஆண்களுக்கு வரம்பே இல்லை. 1922-இல் நாளுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி. 1934-இல் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி. விடுதலைக்குப் பின் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று ஆக்கியது. இதற்கிடையே 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று, உணவு இடைவேளையைச் சில நிமிடம் நீட்டுவது. பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் முன்னின்று பேசிய அந்தச் சில நிமிடங்களிலிருந்து 48 மணி நேர வாரம் வரை, தொழிலாளி தன் உடலைத் தனக்கென மீட்டுக்கொண்ட வரலாறு இது. பரம்பரைக் குத்துச்சண்டையின் பொற்காலம் இந்த மீட்பின் கூடவே வந்தது தற்செயலன்று என்றே நாம் கருதுகிறோம்.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

இங்கே ஒரு மறுப்பு எழும். ஆலையில் எட்டு மணி நேரம் நின்றும் குனிந்தும் சுமந்தும் வேலை செய்கிறவனுக்குத் தனியே உடற்பயிற்சி எதற்கு? உழைக்கும் உடலே பயின்ற உடல் அன்றோ?

மருத்துவ ஆராய்ச்சி இந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மான் முதலியோர் இதனை 'உடலியக்க முரண்' என்று அழைக்கின்றனர். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் இயக்கம் இதயத்தைக் காக்கிறது. வேலையிடத்தில் கட்டாயத்தால் செய்யும் கடும் இயக்கம் அவ்வாறு காப்பதில்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து, ஏறத்தாழ 1,94,000 பேரின் தரவுகளோடு 2018-இல் வெளியான கட்டுரை, மிகக் கடுமையான உடலுழைப்புள்ள வேலை செய்த ஆண்களுக்கு முன்கூட்டியே இறக்கும் இடர், குறைந்த உழைப்புடையோரைவிட 18 விழுக்காடு மிகுதி என்றது. காரணங்களும் சொல்லப்படுகின்றன. வேலையின் இயக்கம் நெடுநேரம் நீள்வது. இடையில் ஓய்வு இல்லாதது. ஒரே தசையை ஒரே நிலையில் வருத்துவது. இரத்த அழுத்தத்தை நாள் முழுவதும் உயர்த்தியே வைத்திருப்பது. எப்போது நிறுத்துவது என்பதை ஆடுபவன் முடிவு செய்கிறான். உழைப்பவனுக்காக ஆலை முடிவு செய்கிறது.

நம் நாட்டுக் கணக்கு இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. தமிழ்நாடு, மகாராட்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் 20 வயதுக்கு மேற்பட்ட 14,227 பேரிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு நடத்திய கணக்கெடுப்பு 2014-இல் வெளியானது. அவர்களுள் 54.4 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். ஓய்வுநேரப் பயிற்சியோ விளையாட்டோ உடையவர் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. ஆக, நம் மக்கள் இயங்கினால் பெரும்பாலும் அது வேலைக்காகவே. விரும்பி இயங்கும் பொழுது நம்மிடம் இல்லை. அதே ஆய்வின் 2023-ஆம் ஆண்டு வெளியீட்டின்படி தமிழ்நாட்டில் நீரிழிவு உடையோர் 14.4 விழுக்காடு, நாட்டின் சராசரி 11.4.

இக்கணக்குகளின் வெளிச்சத்தில், பண்ணை என்ற சொல் ஆட்டத்தைத் துறந்து உழைப்பை மட்டும் வைத்துக்கொண்ட கதை வெறும் சொல்லாராய்ச்சியாகத் தோன்றவில்லை.

வந்து சேராத ஆட்டம்

சரி, அந்த விருப்ப இயக்கத்தைத் திரையாட்டு தந்திருக்கக் கூடாதா? தந்திருக்கலாம், ஆனால் ஆலைத் தெருவுக்கு அது வந்து சேரவே இல்லை. அதற்கு மூன்று தடைகள் இருந்தன.

முதல் தடை விலை. எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவுக்கு வந்தது 2006-இல். கினெக்ட் வந்தது 2010 நவம்பரில். கேமராவின் விலை மட்டும் ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய். அதற்கு முன் பொறி வேண்டும்; பொறிக்கு முன் நல்ல தொலைக்காட்சி வேண்டும். ஒப்பந்தக் கூலியில் வாழ்ந்த இளைஞனின் கணக்கில் இது பொருந்தாது. அவனுக்குக் கிடைத்த திரை, உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசித் திரை. அது உடலை அசைக்கச் சொல்லாத திரை. கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் மின்தொடரில் ஷிப்டு நேரத்தில் ஏறிப் பார்ப்போர், குனிந்த தலைகளின் வரிசையை இன்றும் காணலாம்.

இரண்டாம் தடை மின்சாரம். இப்பொறிகள் உலகைக் கலக்கிய ஆண்டுகள் தமிழ்நாட்டின் மின்வெட்டு ஆண்டுகள். 2008-இல் தொடங்கி 2012-இல் உச்சத்தை அடைந்த அந்த இருட்டில், சென்னை எல்லைக்கு வெளியே இருந்த ஊர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். விசைத்தறியும் நீர் இறைக்கும் மோட்டாரும் நின்றுபோன காலத்தில் திரையில் டென்னிஸ் ஆடுவது யாருக்கும் தோன்றாது.

மூன்றாம் தடை இடம். இதுவே மூன்றிலும் பெரியது. கினெக்டின் முன் ஒருவர் ஆட, கருவியிலிருந்து ஏறத்தாழ ஆறடி தள்ளி நிற்க வேண்டும். இருவர் ஆட எட்டடி. கைகளை வீசப் பக்கவாட்டிலும் வெற்றிடம் தேவை. வீட்டுக்கூடம் என்ற ஒன்று இருப்பதாக எண்ணிக்கொண்டு வடிவமைக்கப்பட்ட ஆட்டம் அது. நம் தொழிற்பகுதி இளைஞர் வாழும் அறைகளில் அந்த ஆறடி பாய் விரித்துப் படுப்பதற்கு உரியது. அந்தப் பாயிலும் ஷிப்டுக்கு ஒருவர் மாறி மாறிப் படுப்பதுண்டு. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் உணவு நஞ்சான பின் நெடுஞ்சாலையில் அமர்ந்தபோது, அவர்தம் விடுதிகளில் ஓர் அறைக்கு 6 முதல் 30 பேர் வரை தங்கியிருந்த செய்தி உலகுக்குத் தெரிந்தது. அவ்வறைகளில் ஒரு பெண் கையை நீட்டிச் சோம்பல் முறிப்பதே அரிது.

அறைக்குள் இடமில்லை என்றால் வெளியே? கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்தபோது, தங்கள் மேய்ச்சல் நிலமும் அதனை ஒட்டிய காடும் போவதாக அவ்வூர் மக்கள் எதிர்த்தனர். அங்கே ஆலை அமைத்த மிஷ்லான் நிறுவனம் பிரெஞ்சு நிறுவனம் என்பதால், 2012-இல் அவர்களின் முறையீடு பிரான்சு வரை சென்றது. வேலைவாய்ப்பு, நீர், மேய்ச்சல் எனப் பல கோணங்களில் அவ்வழக்கு பேசப்பட்டது. யாரும் பேசாத கோணம் ஒன்றுண்டு. மேய்க்கால் நிலம் என்பது ஊரின் ஆடுகளமும் ஆகும். சடுகுடுவுக்கும் கிட்டிப்புள்ளுக்கும் பட்டா கிடையாது. யாருடையதும் அல்லாத நிலத்தில் மட்டுமே அவை ஆடப்பட்டன. பொதுநிலம் சுருங்கும்போது ஆவணம் எதிலும் பதியாமல் மறைவது ஆட்டம்தான்.

போக்கிமான் கோ இதனை வேறு வகையில் மெய்ப்பித்தது. 2016 டிசம்பரில் ரிலையன்ஸ் ஜியோவுடன் கைகோத்து அது முறையாக இந்தியாவுக்கு வந்தபோது, ஜியோ கடைகளே ஆட்டத்தின் நிறுத்தங்களாயின. அதற்குச் சில மாதம் முன், ஆட்டத்தின் முட்டைகள் கோயில்களில் தோன்றுவதாகக் குஜராத் உயர்நீதிமன்றத்தில் வழக்கே வந்தது. நடப்பதற்கு ஊக்கம் தரும் ஆட்டம் நம் நகரங்களில் கண்டுபிடிக்கக்கூடிய பொது இடங்கள் கடையும் கோயிலும்தான் போலும்.

ஒரு குடியிருப்பின் பூங்கா

எனில் வழி என்ன? விடை நெடுந்தொலைவில் இல்லை. அம்பத்தூருக்குச் செல்லும் வழியில் திருமங்கலத்தில் ஆசியாட் காலனி என்றொரு நடுத்தர வருவாயினர் குடியிருப்பு உண்டு. மருத்துவர் வி. மோகன் குழுவினர் 1990-களின் பிற்பகுதியில் அங்கே நீரிழிவு ஆய்வு நடத்தி, உடற்பயிற்சியின் தேவையையும் எடுத்துரைத்தனர். குடியிருப்போர் கேட்டதோடு நிற்கவில்லை; தம் சொந்தப் பணத்தைத் திரட்டி ஒரு பூங்கா அமைத்தனர். தொடக்கத்தில் 14.2 விழுக்காடாக இருந்த உடற்பயிற்சி செய்வோர் தொகை பின்னர் 58.7 விழுக்காடாக உயர்ந்தது என்று 2006-இல் வெளியான அவ்வாய்வு கூறுகிறது. திரை இல்லை, புள்ளிக்கணக்கு இல்லை. நடக்க ஓர் இடமும், நடப்பதைக் காணப் பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தனர். ஆறே வாரத்தில் போக்கிமான் இழந்ததை அப்பூங்கா ஆண்டுக்கணக்கில் தக்கவைத்தது.

அதே சென்னையின் நீரிழிவு ஆய்வாளர்கள் பின்னர்ப் பதின்பருவப் பெண்களுக்கென 'தாண்டவ்' என்ற ஆட்டப் பயிற்சியை வகுத்தனர். குறுகிய நேரத்தில் உயர்ந்த வேகத்தில் ஆடி இடையிடையே ஓயும் முறை அது. பாட்டும் காலும் போதும். டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனின் சாரத்தைப் பொறியின்றிப் பெறலாம் என்பதற்கு இது சான்று. 2023 நவம்பர் 4 அன்று தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்துத் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டமும் இடம் என்ற தேவையை உணர்ந்த திட்டமே. தொழிற்பகுதிகளின் உள்ளேயே, ஷிப்டு முடிந்து வருவோரின் வழியிலேயே, இரவிலும் விளக்கெரியும் திடல்களாக அது விரியுமானால் பயன் பெரிது. அத்தகைய திடலின் ஓரத்தில், விடுதியின் பொதுக்கூடத்தில், ஒரு திரையும் ஒரு பாயும் இருக்கட்டும். தனியறையில் தோற்ற திரையாட்டு, பலர் கூடி ஆரவாரிக்கும் இடத்தில் உயிர் பெறக்கூடும். ஜப்பானிய விளையாட்டுக் கூடங்களில் அது பிறந்ததும் அப்படித்தான்.

இடம் இருந்தாலும் பொழுது வேண்டும். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றம் நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு அப்படியே இருக்குமே, நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்று அதற்கு அமைதி கூறப்பட்டது. ஆனால் உடல் வாரக்கணக்கில் வாழ்வதில்லை. அது நாள்கணக்கில் வாழ்கிறது. பன்னிரண்டு மணி நின்றவனின் மாலையில் எஞ்சுவது உறக்கம் ஒன்றே. 1911-இல் சட்டம் கட்டிய அதே பன்னிரண்டு என்ற எண், நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பத்து நாள் மட்டுமேனும் திரும்பி வந்து எட்டிப் பார்த்தது. பெரம்பூர்த் தொழிலாளர் சில நிமிடத்துக்காகப் போராடியதன் பொருளை அந்தப் பத்து நாள் நமக்கு நன்றாகவே உணர்த்தின.

வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம் கொள்ள வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டல். குறைந்த அளவில் நாளொன்றுக்கு அரைமணி கூட ஆகாத அந்தச் சிறுபொழுதை எந்தப் பொறி நிரப்பும் என்பது இரண்டாவது கேள்வி. அதனை எந்தச் சட்டம் காக்கும், எந்த நிலம் தாங்கும் என்பதே முதற்கேள்வி. பாவாணரின் பகுப்பில் பகலாட்டும் இரவாட்டும் ஊருக்கு இயல்பாகக் கிடைத்தவை. கும்மிடிப்பூண்டியின் இளைஞர்க்கு அவ்விரண்டையும் சட்டத்தாலும் திட்டத்தாலும் உண்டாக்கித் தர வேண்டியிருக்கிறது. அதனைச் செய்யாமல் அவர் கையில் திரையாட்டை மட்டும் கொடுப்பது, களத்துமேட்டைப் பறித்துக்கொண்டு அதன் படத்தைக் கொடுப்பது போன்றது.